எண்பது ஓரா ஈரலும் ஒரு நேர்த்தியும்

என் மகள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் மூன்று நாளாக ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னாள். அவள் இருப்பது குளிர்நாடு. அங்கே கொட் என்று ஒரு குளிர்கடல் மீன். அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசிப்பதுதான் அவர்களின் தொழில். ஒரு சிறிய தட்டில் தொண்ணூற்றாறு குழிகள் இருக்குமாம், குழிக்கு ஒரு மீன். அதில் ஏதோ ஒரு குழியில் மீன் மாறிவிட்டது. புதிதாகச் சேர்ந்த மூன்று பிள்ளைகளில் யாரோ ஒருவருக்குக் கை தவறியிருக்கிறது. யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. "அப்பா, உங்கடை ஓராக் கதையை ஒருக்கால் எழுதி அனுப்புங்கோ. இதுகள் வாசிக்கட்டும்" என்றாள். மூவரில் இருவருக்குத் தமிழ் வாசிக்க வரும். மூன்றாமவருக்கு அவர்கள் வாசித்துச் சொல்வார்களாம். நான் மண்ணில் உருண்ட இடத்தை மட்டும் அவருக்குச் சொல்லாமல் விட்டால் நல்லது.

ஆகவே, பிள்ளைகளே, எழுதுகிறேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு, அதையும் இரண்டு தரம் படித்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஆய்வுகூட உதவியாளர். குழாய் கழுவுவேன், மேசை துடைப்பேன், யார் எந்தப் போத்தலை எங்கே வைத்தார்கள் என்று ஞாபகம் வைத்திருப்பேன். அந்த மூன்றாவது வேலைக்குத்தான் என்னை வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் மரபணுவை வாசிக்கும் இயந்திரம் யாழ்ப்பாணத்தில் இல்லை. நாங்கள் செய்தது வேறு. மீனின் ஈரலை அரைத்து, அந்தச் சாற்றை மாவில் காய்ச்சிய ஒரு களியின் ஓரத்தில் விட்டு, களிக்குள் மின்சாரம் பாய்ச்சுவோம். ஈரலில் உள்ள புரதங்கள் களிக்குள் ஊர்ந்துபோய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தூரத்தில் நிற்கும். சாயம் ஊற்றினால் கோடு கோடாகத் தெரியும். ஒரு பரம்பரையில் வந்த மீன்களுக்குக் கோடுகளும் ஒரு சாயலாக இருக்கும். பெயர் தெரியாத ஆளை மூக்கைப் பார்த்து இன்னாருடைய பிள்ளை என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. களி கிண்டும் வேலை என்னுடையது. கட்டி படாமல், ஒரு குமிழ் இல்லாமல் கிண்டுவேன். என் மனைவி இதை இன்றுவரை நம்பவில்லை, ஏனென்றால் வீட்டில் நான் ஒரு நாளும் அகப்பை பிடித்தவனில்லை.

எங்களுக்குக் கிடைத்த செய்முறைத் தாளும் உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது. குளிர்கடல் மீனுக்கென்று எழுதியது. 'களி சூடேறினால் யன்னலைத் திறந்து விடவும்' என்று அதில் இருந்தது. நாங்களும் சொன்னபடி திறந்தோம். வெளியிலிருந்து வந்த காற்றில் களிக்கு வியர்த்தது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேலை செய்தவர் ஒரு இளம் பெண். உடுவில்காரி. எல்லோருக்கும் அவர் மிஸ், எனக்கும் மிஸ். அவர் என்னை அண்ணை என்பார். அவருடைய கேள்வி சின்னக் கேள்வி. எங்கள் கடல்நீரேரியில் பிடிக்கும் ஓராவும் வடக்கே வெளிக்கடலில் பிடிக்கும் ஓராவும் ஒரே குடும்பமா, இரண்டு குடும்பமா? ஒன்று என்றால், ஒரு பக்கத்தில் மீன் குறைந்தாலும் மற்றப் பக்கத்திலிருந்து வந்து சேரும். இரண்டு என்றால், அள்ளித் தீர்த்தது தீர்த்ததுதான். இதைக் கண்டுபிடிக்க அந்தப் பக்கம் நாற்பது, இந்தப் பக்கம் நாற்பது, ஆக எண்பது மீனின் ஈரல் வேண்டும். ஈரல் உறைந்தே இருக்கவேண்டும். ஒருதரம் உருகினால் புரதம் செத்துவிடும், கோடு வராது.

நீங்கள் ஓரா பார்த்திருக்கமாட்டீர்கள். கையகல மீன். முகத்தைப் பார்த்தால் பரம சாது. முதுகிலும் வயிற்றிலும் முள், முள்ளில் நஞ்சு. செத்த பிறகும் குத்தும்.

நானோ நீர்வேலியில் வாழைத்தோட்டக் குடும்பம். மீனைச் சட்டிக்குள் கண்டதுதான் அதிகம். கடல்நீரேரிப் பக்கம், குருநகர்க் கரையில் முதல் நாற்பதை எடுக்கப் போனபோது, மீன் தந்த சூசை அண்ணை என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் வாழைத்தோட்டத்து ஆள் என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் பரம்பரைக் கடலோடி, மாதா கோவிலுக்குப் பின்பக்கம் வீடு. மிஸ் எதற்கு வந்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "ரெண்டும் ஒரே ஓராதான் பிள்ளை. தண்ணிதான் வேறை. உதுக்கு ஏன் உவ்வளவு பாடு?"

மிஸ் ஒவ்வொரு மீனையும் அளந்து கொப்பியில் எழுதுவார். நான் வயிற்றைக் கீறி ஈரலை எடுத்து, இலக்கம் போட்ட சின்னக் குழாய்க்குள் வைத்து மூடி, ஐஸுக்குள் செருகவேண்டும். நான் மீனைத் தூக்கிய விதத்தைப் பார்த்துச் சூசை அண்ணை, "தம்பி, உது கதலிக் குலை இல்லை. காம்பிலை பிடிச்சுத் தூக்கேலாது" என்றார். கரையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்போது என் கையில் இருந்தது முப்பத்தேழாவது மீன். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அது குத்திவிட்டது.

அந்த நோவை எழுதத் தெரியவில்லை. தோள்வரைக்கும் நெருப்பு ஓடியது. கை உதறியதில் ஈரல் பறந்து மணலில் விழ, ஒரு காகம் என்னைவிட விஞ்ஞானத்தில் அக்கறையோடு வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. மிஸ் திரும்பிப் பார்த்து, "குத்திப்போட்டுதோ அண்ணை?" என்று கேட்டார். கரை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் வெறும் குழாயை மூடி, ஐஸுக்குள் செருகிவிட்டு, "இல்லை மிஸ்" என்றேன். மிஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் சூசை அண்ணை என் காதுக்குள் ஒரு கைமருந்து சொன்னார். அதைப் பிள்ளைகளுக்கு எழுதமுடியாது. நான் அதைச் செய்யவுமில்லை.

பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். பின்னேரம் கை வீங்கியிருந்தது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை வெளிக்கடல் உள்ள வடமராட்சிப் பக்கம் போய் மற்ற நாற்பதையும் குறையில்லாமல் எடுத்தோம். அதற்குப் பிறகு சொல்ல வேளையே வரவில்லை. அந்த மாதமே சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்தது. கரையில் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. இனி ஒரு ஓராவும் கிடைக்காது. மிஸ் எண்பது குழாயையும் குளிர் போகாமல் காக்கும் ஒரு றெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கி, 'ஓரா ஈரல், 80' என்று எழுதி, எங்கள் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். சாயங்களும் மருந்துகளும் எடுத்துவரக் கொழும்புக்குப் புறப்படும்போது, "என்ரை ரெண்டு வருஷம் உந்தப் பெட்டிக்குள்ளைதான் கிடக்குது, அண்ணை. பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். பாதை திறந்து பூட்டும் காலம். எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

அவர் போய் நாலாம் நாள் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் குளிர்ப்பெட்டியின் மோட்டர் எரிந்துபோனது. ஐஸ் தொழிற்சாலைகளும் பூட்டு. கடல் இல்லாவிட்டால் அவர்களுக்கு என்ன வேலை? நான் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்து யோசித்தேன். ஈரலை உறைந்தபடியே வைத்திருக்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. என் மனைவியின் தம்பி தவம் வேலை செய்யும் கூல்பார். ஐஸ்கிறீம் விற்கும் கடை. ஜெனறேற்றரும் இருந்தது.

ஆனால் அந்தக் கடை நல்லூர்க் கோயிலடியில். அன்றைக்குத் திருவிழா தொடங்கி ஆறாம் நாள்.

நல்லூர் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் சைவக்காரர் வீட்டில் மீனும் இறைச்சியும் காய்ச்சும் மச்சச் சட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள். மீன்காரர் சைக்கிள் மணி அடிக்காமலே போவார்கள். கூல்பார் முதலாளி அதற்கும் மேலே. இருபத்தைந்து நாளும் ஒருநேரச் சாப்பாடு, நெற்றியில் திருநீறு, மார்பில் சந்தனம், கல்லாவில் இருந்தபடி தேவாரம். அவருடைய கடைக்குள் எண்பது மீனின் ஈரலைக் கொண்டுபோய் வைப்பது என்றால், நான் அவரிடம் கேட்கவேண்டும். கேட்டால் அவர் மாட்டேன் என்பார். அவர் மாட்டேன் என்றால் மிஸ்ஸின் இரண்டு வருடமும் மதியத்துக்கு முன்பே நாறிவிடும்.

கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கடதாசி எடுத்து, மிஸ்ஸின் எழுத்துக்கு மேல் ஒட்டி, என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்: 'நல்லூரானுக்கு நேர்ந்த பால். தொடவேண்டாம். 80.' நேர்த்திப் பாலை ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள், பால் என்பதால் குளிரில் வைப்பதையும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். எண்பது என்று எதற்காக எழுதினேன் என்றால், முழுப் பொய்யாக இருக்கவேண்டாம், எண்ணிக்கையாவது உண்மையாக இருக்கட்டும் என்று. அந்த எண்ணிக்கையும் பொய் என்பது அந்த நேரம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

தவத்துக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். அவன் முகம் வாழைப்பூ நிறமானது. ஆனால் முதலாளி கடதாசியை வாசித்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நல்ல காரியம் தம்பி. கடன் கிடக்கக்கூடாது" என்றார். பிறகு தவத்தைக் கூப்பிட்டு, பின்னுக்கு இருந்த குளிர்ப்பெட்டியில் கிடந்த ஐஸ்கிறீம் முழுவதையும் வெளியே எடுக்கச் சொன்னார். முருகனுக்கு நேர்ந்த பாலோடு விற்கிற சாமானை ஒன்றாக வைக்கக்கூடாதாம். திருவிழாக் காலத்தில், சனம் குளிருக்காக வரிசையில் நிற்கும்போது, ஒரு குளிர்ப்பெட்டி முழுவதையும் அவர் என் ஓரா ஈரலுக்கு விட்டுத் தந்தார்.

அடுத்த நாள் தவம் சைக்கிளில் நீர்வேலிக்கு வந்தான். "அத்தான், முதலாளி பெட்டிக்கு மேலை செவ்வரத்தம்பூ வைச்சிருக்கிறார்" என்றான். இரண்டு நாள் கழித்து வந்தான். இப்போது கற்பூரமும் காட்டுகிறாராம். பிறகு கடைக்கு வந்த இரண்டு மனிசிமார் அதைக் கண்டு தாங்களும் கும்பிட்டுவிட்டுப் போனார்களாம். ஒருவர் பத்து நிமிஷம் கண் மூடி நின்றதில் அவருடைய ஐஸ்கிறீம் உருகிவிட்டதாம். "எனக்குப் பயமாய்க் கிடக்குது அத்தான். உண்டியல் வைக்க முதல் கொண்டுபோங்கோ" என்றான். எங்கே கொண்டுபோவது? மிஸ் இன்னும் வரவில்லை, மோட்டரும் வரவில்லை. நான் தினமும் காலையில் குளித்து, வேறு ஒன்றும் கேட்காமல், மின்சாரம் நிற்கக்கூடாது என்று மட்டும் கும்பிட்டேன்.

இருபத்துநாலாம் நாள் தேர். விடிந்து கொஞ்ச நேரத்தில் நான் கூல்பாருக்குப் போனேன். தவம் வாசலில் நின்று இரண்டு கையையும் பிசைந்தான்.

"அத்தான், முதலாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போயிட்டார்."

"ஏன்ரா?"

"தேர் நாளும் வந்திட்டுது, நேர்ந்தவன் வரேல்லை, மறந்துபோனான்போலை, நாங்களாவது குடுத்துவிடுவம் எண்டார். நான் என்னத்தைச் சொல்லுறது? போய் அரை மணித்தியாலம்."

றெஜிபோம் பெட்டி வெளியில் இரண்டு மணித்தியாலம் தாங்கும். அரை மணி போய்விட்டது. அதைவிட, ஓரா ஈரல் முருகன் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. கோயிலடி என்பதால் நான் சேட்டைக் கழற்றி ஒரு வேலியில் போட்டுவிட்டு ஓடினேன். அந்தச் சேட்டு பிறகு கிடைக்கவில்லை.

தேரன்று நல்லூர் வீதியில் ஓடமுடியாது. முதலாளி தூரத்தில் தெரிந்தார். பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்திருந்தார். அவரைக் கண்ட சனம் "அரோகரா" என்று விலகி வழி விட்டது. என் தலையில் ஒன்றும் இல்லாததால் எனக்கு ஒருவரும் வழி விடவில்லை. அந்தக் கூட்டத்தில் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே வரிசை, மண்ணில் அங்கப்பிரதட்டை செய்தவர்களின் வரிசை. உருளுகிறவர்களை ஒருவரும் மறிக்கமாட்டார்கள். நான் படுத்தேன். உருண்டேன்.

உருளும்போது பாதி நேரம் வானம், பாதி நேரம் மணல். வானம் வரும் நேரங்களில் பெட்டி எங்கே என்று பார்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் உருண்டவர் மெதுவாகத்தான் போனார். அவரிடம் கொஞ்சம் கெதியாக உருளச் சொன்னேன். அவர் மணல் ஒட்டிய முகத்தோடு, "என்ன அவசரம், அவர் எங்கை போகப்போறார்?" என்றார். அவர் சொன்னது முருகனை. நான் நினைத்தது முதலாளியை.

முதலாளி தண்ணீர்ப்பந்தலடியில் நிழலுக்கு நின்றார். நான் அவருடைய காலடியில் போய் முடிந்தேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வந்திட்டியே தம்பி. நல்ல வேளை. இந்தா உன்ரை பால்" என்று பெட்டியை இறக்கி என் கையில் தந்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பெட்டி என் கையில். அவருக்கு ஒன்றும் தெரியாது. சரி முதலாளி, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்திருக்கலாம். ஆனால் மறைந்து எங்கே போவது? யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரே குளிர் அவருடைய கடைக்குள் இருந்தது. இன்னும் ஒரு மணித்தியாலத்துக்குள் பெட்டி திரும்ப அங்கே போகவேண்டும். பொய்யை வைத்துக்கொண்டு அங்கே திரும்பவும் போகமுடியாது, நேர்த்திப் பாலைத் தேரன்று திருப்பிக் கொண்டுவருகிறவன் யார்? அவரும் என்னோடு கோயிலுக்குள் வர ஆயத்தமாக வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, இது பால் இல்லை" என்றேன்.

"பின்னை?"

"ஈரல்."

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "என்ன ஈரல்?"

"ஓரா ஈரல், முதலாளி. எண்பது."

தண்ணீர்ப்பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டு நின்றவர் அகப்பையை அப்படியே நிறுத்திவிட்டார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்க்க, அவர் திரும்ப ஊற்றத் தொடங்கினார். பிறகு முதலாளி மிகவும் மெதுவாக, தனக்குத்தானே கேட்பது போலக் கேட்டார்: "பதினெட்டு நாள். பதினெட்டு நாளும் நான் பூ வைச்சனான். ஓராவுக்கோ?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ், கடல் தடை, எரிந்த மோட்டர், இரண்டு வருடம். மண் ஒட்டிய உடம்போடு, சேட்டில்லாமல், ஈரல் உருகப் போகிறது என்ற பதற்றத்தில் என்ன ஒழுங்கில் சொன்னேனோ தெரியாது. முதலாளி துணியை விலக்கி, நான் ஒட்டிய கடதாசியில் விரலை வைத்தார்.

"இது ஆரின்ரை எழுத்து?"

"என்ரை எழுத்து."

"நேர்ந்த பால் எண்டு எழுதியிருக்கு. எண்பது எண்டும் எழுதியிருக்கு. நல்லூரானுக்கு எழுதிக் குடுத்திட்டுப் பகிடிக்கு எண்டு சொல்லேலாது. நீ எண்பது செம்புப் பால் கொண்டந்து குடுக்கவேணும். வெள்ளிக்கு ஒரு செம்பு. தலையிலை வைச்சு."

"ஓம் முதலாளி."

"இப்ப பெட்டியைக் கொண்டுபோய் உள்ளை வை. பதினெட்டு நாள் கிடந்தது, இன்னும் ஒரு கிழமை கிடந்து என்ன ஆகப்போகுது. ஆனால் அந்தக் கடதாசியைக் கிழி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை, கிழிக்காதை. முருகன்ரை பேர் கிடக்குது. ஈரம் போட்டு மெதுவாய் உரி" என்றார்.

திரும்பி வரும்போது பெட்டியை நான்தான் தலையில் வைத்திருந்தேன். சனம் "அரோகரா" என்று வழி விட்டது. பக்கத்தில் வந்த முதலாளி ஒவ்வொரு அரோகராவுக்கும் கண்ணை மூடிக்கொண்டார்.

மிஸ் அடுத்த கிழமை வந்தார். மோட்டரும் வந்தது. நானும் தவமும் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தோம். எங்கே வைத்திருந்தோம் என்று சொன்னபோது மிஸ் சிரித்த சிரிப்பில் அறிக்கைக் கொப்பியே கீழே விழுந்தது. சிரித்துக்கொண்டே குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தேழில் சிரிப்பு நின்றது.

"இதுக்குள்ளை ஒண்டும் இல்லையே" என்றார்.

பிறகு தவத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் யாராவது பெட்டியைத் திறந்தார்களா என்று கேட்டார். தவம் இல்லை என்றான். நல்லாய் யோசித்துப் பார்க்கச் சொன்னார். தவம் யோசித்தான், யோசிக்க யோசிக்க அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த மனிசிமார் திறந்திருப்பினமோ என்றான்.

மிஸ் கதிரையில் இருந்தார். "ஆரோ திறந்திருக்கினம் எண்டால், எதை எடுத்தவை, எதை மாத்தி வைச்சவை எண்டு தெரியாது. ஒண்டையும் நம்பேலாது. எண்பதையும் எறியத்தான் வேணும்" என்றார். அழவில்லை. கொப்பியை எடுத்து மூடி, அதற்கு மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் அந்தப் பெட்டிக்காக மண்ணில் உருண்டவன். ஒரு கோயில் வீதி முழுக்கக் கேட்கப் பொய்யை ஒப்புக்கொண்டவன். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஒரு சொல்லைச் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அது பெரிய அவசரத்தில், நல்ல நோக்கத்தில் சொன்ன பொய். இது வெறும் வெட்கத்தில் சொன்னது. கரையில் நாலு பேர் சிரித்ததற்காக.

"மிஸ், ஒருத்தரும் திறக்கேல்லை. அண்டைக்குக் குருநகரிலை குத்தினதுதான். ஈரலைக் காகம் கொண்டுபோயிட்டுது. நான் வெறும் குழாயை மூடிப்போட்டன்."

மிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து முப்பத்தேழாம் வரியைத் தேடிப்பிடித்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே, "கை வீங்கியிருந்தது எனக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் சொல்லுவியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். அவர் எழுதியதைத் தலைகீழாக வாசித்தேன். 'இல. 37: உதவியாளருக்கு முள் குத்தியது. ஈரலைக் காகம் கொண்டுபோனது.' அந்த வரி பிறகு அவருடைய ஆராய்ச்சி நூலில் ஒரு அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் அப்படியே வந்தது. என் வாழ்க்கையில் நான் அச்சில் வந்த ஒரே இடம் அதுதான்.

எழுபத்தொன்பது ஈரலும் தப்பின. களி கிண்டினேன், சாயம் ஊற்றினோம், கோடுகள் வந்தன. கடல்நீரேரி ஓராவுக்கும் வெளிக்கடல் ஓராவுக்கும் கோடுகள் ஒரே சாயல். ஒரே குடும்பம். அதாவது சூசை அண்ணை முதல் நாளே சும்மா நின்ற நிலையில் சொன்னது. இதை மிஸ் அவரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொண்டார். மரியாதையான மனிதர். என்னிடம் மட்டும், "கதலிக்கும் கப்பலுக்கும் உப்பிடி ஒருக்கால் பாருங்கோவன்" என்றார். கப்பலும் ஒரு வாழைதான்.

இனி அந்த நேர்த்தி. வெள்ளிக்கிழமைகளில் நீர்வேலியிலிருந்து செம்புப் பாலோடு சைக்கிளில் வந்து, கூல்பாரடியில் இறங்கி, அங்கிருந்து தலையில் வைத்து நடப்பேன். முதலாளி கல்லாவில் இருந்தபடி இலக்கத்தை மட்டும் சொல்வார். "ஏழு." அடுத்த வெள்ளி, "எட்டு." வேறு கதை கிடையாது. ஊரடங்குச் சட்டம், ஓட்டம், பாதை பூட்டு என்று எத்தனையோ வெள்ளி தவறின. தவறியதை அவர் எண்ணவில்லை, கொண்டுபோனதை மட்டும் எண்ணினார். ஐம்பத்திரண்டாவது செம்பு, மகள் நீ பிறந்த வெள்ளி. அதற்கு மட்டும் அவர் இலக்கத்தோடு ஒரு கப் ஐஸ்கிறீமும் தந்தார். நீ அன்று சாப்பிடும் நிலையில் இல்லை. நான் சாப்பிட்டேன்.

எழுபத்தொன்பதாவது வெள்ளி அவரிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். முப்பத்தேழாம் குழாய் வெறுங்குழாய் என்பதைச் சொன்னேன். முள், காகம், எல்லாம் சொன்னேன். உண்மைக் கணக்கு எழுபத்தொன்பதுதான், அதனால் இன்றோடு சரிதானே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தக் குழாய்க்குள்ளை மீன் இருக்கேல்லையோ?"

"இல்லை முதலாளி."

"பதினெட்டு நாளும் இருக்கேல்லையோ?"

"ஒருநாளும் இருக்கேல்லை."

"எழுதினது எண்பது" என்றார். "வாற வெள்ளி வா."

அடுத்த வெள்ளி, எண்பதாவது என்று நினைத்துச் செம்போடு போனேன். முதலாளி கல்லாவில் இல்லை. வாசலில் நின்றார். சேட்டில்லாமல், மார்பில் சந்தனத்தோடு, கையில் ஒரு செம்பு.

"உன்ரை கணக்கு போன வெள்ளியோடை முடிஞ்சுது, தம்பி" என்றார். "எண்பதாவது என்ரை. நான் பூ வைச்சது அந்த வெறுங்குழாய்க்குத்தான் எண்டு வைச்சுக்கொள்ளுறன்."

இருவரும் ஒன்றாகத்தான் நடந்தோம். என் செம்பில் இருந்தது கணக்கில்லாத பால். வீதியில் திரும்பும்போதுதான் அவருடைய செம்பைக் கவனித்தேன். கழுத்தில் ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் கொட்டை எழுத்தில் 'பால்' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்னதாக: 'திறந்து பார்க்கலாம்.'